கூட்டேரிப்பட்டு நாற்சந்தியில் ஒரு காமிரா

தபால் தலை சேர்க்கிறவர்கள் உண்டு. பழைய நாணயங்களைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. கொல்லையில் இடம் இல்லாவிட்டாலும் மொட்டை மாடியில் மண்தொட்டி வைத்து ரோஜா வளர்க்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு வாய்த்த பொழுதுபோக்கு ஊர்களைப் படம் பிடிப்பது. நாங்கள் மூவர், மூவரும் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். ஒருவர் சரித்திர பாடம் நடத்துகிறவர், ஒருவர் விஞ்ஞானம், மூன்றாமவர் சித்திர ஆசிரியர். விடுமுறை நாள் வந்தால் போதும், தோளில் ஒரு பை, பைக்குள் காமிரா, தண்ணீர், எலுமிச்சஞ்சாதப் பொட்டலம் சகிதமாகப் புறப்பட்டு விடுவோம். எங்கள் வீடுகளில் இந்தப் பொழுதுபோக்குக்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே அச்சிடுவது உசிதமாக இராது.

இந்தக் காரியத்துக்கு நாங்கள் தலைநகரமாகக் கொண்டிருக்கும் ஊரின் பெயரைக் கேட்டால் நேயர்கள் சிரிக்கக்கூடும். அது கூட்டேரிப்பட்டு.

சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலை மார்க்கமாகப் போன ஒவ்வொருவரும் கூட்டேரிப்பட்டைக் கடந்திருப்பார்கள். அங்கே இறங்கியவர்கள் அவர்களில் எத்தனை பேர்? திண்டிவனத்துக்குத் தெற்கே சுமார் 13 கிலோமீட்டரில், விழுப்புரம் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். ராஜகோபுரம் கிடையாது, கோட்டை கிடையாது, கடற்கரை கிடையாது. ஒரு நாற்சந்தி, நாலு பக்கமும் கடைகள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனங்கள், பூக்கூடை, பலாப்பழம், பள்ளிக்கூடப் பை, உரமூட்டை. "இங்கே என்ன இருக்கிறது படம் பிடிக்க?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: இங்கே நாலு சாலைகள் இருக்கின்றன.

நாலு சாலைகள் சேரும் இடத்தில் நிற்கிறவனுக்கு உள்ள சௌகரியம் கோயில் வாசலில் குடியிருப்பவனுக்குக்கூட இல்லை. வடக்கே திண்டிவனம். தெற்கே விக்கிரவாண்டியும் விழுப்புரமும். கிழக்கே மயிலம், அதையும் தாண்டிப் போனால் திருவக்கரை, புதுச்சேரி. மேற்கே கிராமங்களின் ஊடே போகிற சாலை செஞ்சிப் பக்கம் கொண்டு சேர்க்கும். ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் ஆயிரம் வருஷத்து வேலையும், அதற்கு முந்தியதும், மனிதன் பிறப்பதற்கு முந்தியதும் கூடக் கிடக்கின்றன. இத்தனையும் அடங்கிய விழுப்புரம் ஜில்லா, 1993-ஆம் வருஷம் வரையில் பழைய தென்னார்க்காட்டின் ஒரு பகுதியாய் இருந்தது.

மயிலும் கல்மரமும்

முதலில் கிழக்கே திரும்புவோம். மயிலம் குன்றின்மேல் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். சூரபத்மன் மயில் உருவிலே மலையாகக் கிடந்து தவம் செய்து, ஆண்டவனுக்கு வாகனமாகும் வரம் பெற்ற இடம் என்பது ஸ்தல புராணம். பொம்மபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில் இது. பங்குனி உத்திரத்தின்போது ஜனத்திரள் காவடிகளோடு வந்து குவியும். அன்றைக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் காவடியையும் தேரையும் பிடிக்கிறார்கள், அது நியாயமே. எங்கள் சித்திர ஆசிரியர் மட்டும் குன்றுக்கு வெகு தூரத்தில், வயல் வரப்பில் போய் நின்றுகொள்வார். "குன்றின் மேல் இருக்கும் கோயிலைக் குன்றின் மேல் நின்று படம் எடுத்தால் குன்று எங்கே?" என்பது அவர் கேள்வி. அவர் எடுத்த படத்தில் வயல் முக்கால் பங்கு, கோயில் கால் பங்குதான் இருக்கும். ஆனால் அதைப் பார்க்கிறவர்களுக்கு, நடந்து வந்த பக்தன் கண்ணில் முதன்முதலில் கோபுரம் பட்ட கணம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும்.

மயிலத்திலிருந்து புதுச்சேரிப் பக்கமாக இன்னும் சென்றால் திருவக்கரை. சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியையும் தரிசிக்கப் பௌர்ணமி தோறும் கூட்டம் அலைமோதும் ஊர். கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் அருகே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன்னால் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, அணு அணுவாகக் கல்லாய் மாறிய மரங்கள் அங்கே கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பதைக் கொண்டு, அவை வேறெங்கோ வளர்ந்து இங்கே வந்து ஒதுங்கியவை என்று அறிஞர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். இந்திய மண்ணியல் ஆய்வுத் துறை தேசியச் சின்னமாகப் பாதுகாத்து வரும் இடம் அது. ஒரு சிறு துண்டைக்கூட எடுத்துப் போகக்கூடாது. வந்ததற்கு அடையாளமாக ஏதாவது கொண்டுபோக வேண்டுமென்றால் படம் ஒன்றுதான் கதி.

கல்மரத்தைப் படம் பிடிப்பதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்தால் பாறைத்துண்டு போலத் தெரியும். சூரியன் சாய்ந்த பிறகு, வெளிச்சம் பக்கவாட்டில் வந்து தடவும்போது எடுத்தால், மரத்தின் வரிகளும் முடிச்சுகளும் பட்டையின் வெடிப்பும் எழுந்து நிற்கும். பார்ப்பவர் விரலால் தொட்டு, "இது மரந்தானே?" என்பார். வெளிச்சம் ஒன்றே, வரும் திசை வேறு. இதை வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு மாலை நேரம் புரிய வைத்துவிடுகிறது என்கிறார் எங்கள் விஞ்ஞான ஆசிரியர்.

மலைக்கோட்டையும் குகைக்கோயிலும்

மேற்கே போனால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் ராஜாராம் இங்கே இருந்தபோது மொகலாயப் படை 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இல் தான் உள்ளே நுழைய முடிந்தது. ராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார். 1714-இல் ராஜா தேசிங்கு போரில் மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயர்களும் இதைப் பிடித்தார்கள். 2025 ஜூலையில் மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி.

இந்தச் செய்தி வந்த பிறகு செஞ்சிக்குக் காமிராவோடு வருகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி. படி ஏறிப்போய், உச்சிக்கு முன்னால் உள்ள பெரும் பிளவையும் அதன்மேல் போட்ட பாலத்தையும் கடந்து போகிறவர்களுக்குத்தான், எட்டு வருஷ முற்றுகை ஏன் எட்டு வருஷம் நீடித்தது என்பது விளங்கும். காலை வெயில் ராஜகிரியின் கிழக்கு முகத்தில் விழுகிறது. ஆகையால் விடியற்காலையில் போய்விடுவது உத்தமம். படம் நன்றாக வரும், முழங்காலுக்கும் நல்லது. செஞ்சியில் படம் பிடிப்பவர்களுக்கு வேறொரு ஜாக்கிரதையும் வேண்டும். அங்குள்ள வானரங்களுக்குக் கலையில் ஈடுபாடு இல்லை; ஆனால் பையில் கடலை இருக்கிறதா என்று பரிசோதிக்கும் உத்தியோகத்தை அவை விடாமல் செய்து வருகின்றன.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் திரும்பும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. பாறையைக் குடைந்த சிறு கோயில். தூண்கள் நாலைந்து, இரு பக்கமும் வாயிற்காவலர், உள்ளே மூன்று கருவறைகள். காண்பதற்கு அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப்பெயர்.

அரசன் எதைச் சேர்த்துக் கட்டினேன் என்று சொல்லவில்லை. எதையெல்லாம் விலக்கினேன் என்று சொல்லியிருக்கிறான் பாருங்கள். செங்கல் உதிரும், மரம் செல்லரிக்கும், உலோகம் துருப்பிடிக்கும், அல்லது திருட்டுப் போகும், சுண்ணாம்பு காரை பெயரும். அவன் காலத்துக்கு முன்னால் இந்த நாட்டில் இருந்த கோயில்கள் இவற்றால் ஆனவை. இன்று அவற்றில் பெரும்பாலானவை நமக்கு மிஞ்சவில்லை. மறைந்துபோகும் பொருளைக் கண்டு மனம் நொந்த ஒருவன், மறையாத பொருளைத் தேடிக்கொண்ட இடம் மண்டகப்பட்டு. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிற எங்களுக்கு அந்தப் பாறையின் முன்னால் நிற்கும்போது ஒரு பந்து உணர்ச்சி ஏற்படுவது உண்டு. அவன் கையில் உளி. எங்கள் கையில் பெட்டி. கவலை ஒன்றுதான்.

பன்னிரண்டு படம்

நம் நாட்டில் ஊர்களையும் கோயில்களையும் படம் பிடிக்கும் வேலை மிகவும் பழையது. 1839-இல் பாரிஸில் இந்த வித்தை வெளியாயிற்று. அடுத்த இருபதே வருஷத்துக்குள் தமிழ்நாட்டுக் கோயில்கள் காமிராவுக்குள் வந்துவிட்டன. லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை சர்க்கார் 1856-இல் தன் போட்டோகிராபராக நியமித்தது. அவர் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858-ஆம் வருஷத்தில் எடுத்த படங்கள் இன்றும் உலகத்து அருங்காட்சி சாலைகளில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாகத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பிறகு கவர்னராய் வந்த டிரெவலியன் துரை இது வீண் செலவு என்று எண்ணி வேலையையே நிறுத்திவிட்டார். வீண் செலவு என்று அன்று தோன்றிய படங்கள்தாம் அந்தக் கோயில்கள் அந்த நாளில் எப்படி இருந்தன என்பதற்கு இன்று நமக்குள்ள சாட்சி.

நம்மவர்களில் ஏ. கே. செட்டியாரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோ கலையைப் பயின்றவர். உலகமெங்கும் அலைந்து, பல நாடுகளில் சிதறிக் கிடந்த சலனப்படத் துண்டுகளைச் சேகரித்து, மகாத்மா காந்தியின் வாழ்க்கைச் சித்திரத்தை 1940-இல் வெளியிட்டார். பிறர் எடுத்துப் போட்டு மறந்த துண்டுகளை அவர் தேடி எடுத்திராவிட்டால் அவற்றில் எத்தனை அழிந்து போயிருக்குமோ!

கருவி விஷயத்தில் இன்றைக்கு யாருக்கும் குறைவில்லை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் காமிரா இருக்கிறது. எங்கள் சித்திர ஆசிரியரிடம் மட்டும் அவர் தந்தையார் வைத்துவிட்டுப் போன அக்ஃபா கிளிக் பெட்டி ஒன்று உண்டு. ஒரு சுருள் பிலிமுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள், பதின்மூன்றாவது கிடையாது. ஒரு காலத்தில் உதகமண்டலத்துச் சர்க்கார் தொழிற்சாலையில் 1967 முதல் தயாரான 'இந்து' பிலிம் கடைகளில் கிடைத்தது. அந்தத் தொழிற்சாலை இப்போது மூடிவிட்டது. பிலிம் அருமையாகிவிட்டதால் அந்தப் பெட்டி வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் வெளியே வருகிறது. ஆனால் அதனுடைய சட்டத்தை நாங்கள் மூவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். எந்தக் காமிராவானாலும் ஓர் ஊருக்குப் பன்னிரண்டு படம்.

பன்னிரண்டில் இரண்டுதான் ஊரின் புகழ்பெற்ற சின்னத்துக்கு: கோபுரமோ, கோட்டையோ, குகையோ. இரண்டு, தூரத்திலிருந்து ஊர் முழுவதும் தெரியும்படி. இரண்டு, கடைத்தெருவுக்கு. இரண்டு, ஊரார் செய்யும் தொழிலுக்கு. ஒன்று நீர்நிலைக்கு, ஒன்று மரத்துக்கு, ஒன்று, இன்னும் பத்து வருஷத்தில் இராது என்று தோன்றுகிற ஏதாவதொன்றுக்கு. கடைசிப் படம் அவரவர் இஷ்டம். இந்தப் பங்கீட்டினால் எங்கள் படங்களின் அழகு கூடிற்றா என்று கேட்டால், நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் கண்கள் கூர்மையாயின. பத்து வருஷத்தில் இராது என்று தோன்றும் ஒன்றைத் தேடத் தொடங்கினால், அப்படிப்பட்டவை எத்தனை என்பதைக் கண்டு மனம் துணுக்குறும்.

மர நிழல் இருந்த இடம்

அந்தக் கணக்குப்படி ஒரு நாள் கூட்டேரிப்பட்டு நாற்சந்தியையே படம் பிடிக்கலாம் என்று நின்றோம். சாலையின் ஓரத்தில் காமிராவைக் கண்ணில் வைத்ததுதான் தாமதம், டீக்கடையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து வந்தார்.

"ஏன் சாமி, அளவு எடுக்க வந்திருக்கீங்களா? ரோட்ட இன்னும் அகலம் பண்ணப் போறாங்களா?"

"இல்லை அம்மா. நாங்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள். பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கிறோம்."

"பொழுதுபோக்குக்கு ரோட்டையா எடுப்பாங்க?"

இதற்கு நாங்கள் சொன்ன சமாதானம் அவருக்குத் திருப்தி அளித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் காமிராக்காரர்கள் சர்க்கார் ஆட்கள் இல்லை என்பது நிச்சயமானதும் முகம் மலர்ந்தது. டீ வந்தது. பேச்சும் வந்தது. முன்பெல்லாம் இந்தச் சாலை குறுகல். இரு பக்கமும் புளியமரம். அவற்றில் ஒன்றின் அடியில்தான் அவருடைய புருஷன் முதல்முதலாகக் கடை போட்டது. மரத்துக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து நம்பர் எழுதியிருப்பார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லாததால் மரத்தின் நம்பரைச் சொல்லித்தான் கடுதாசி வரும். நாலு வழிச் சாலை வந்தபோது மரமும் போயிற்று, கடையும் உள்ளே தள்ளிப் போயிற்று. புருஷனும் காலமாகிவிட்டார்.

பிறகு அவர் கேட்டார்: "நீங்கதான் ஊர் ஊராப் போயிப் படம் புடிக்கிறீங்களே, எங்க புளியமரம் இருந்த படம் உங்ககிட்ட இருக்குதா, சாமி?"

நாங்கள் இந்த வட்டாரத்துக்கு உத்தியோகத்தின் நிமித்தம் வந்தது சாலை அகன்ற பிற்பாடுதான். எங்களிடம் எப்படி இருக்கும்? விசாரித்துப் பார்த்தோம், ஊரில் யாரிடமும் இல்லை. திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணிவனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது. புளியங்காட்டின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து வருகிற சாலையில், புளியமரங்கள் நின்றதற்கு ஒரு படம் கிடைக்கவில்லை. திருவக்கரையில் 2 கோடி வருஷத்துக்கு முன் செத்த மரத்துக்கு வேலியும் காவலும் உண்டு. ஆயிரக் கணக்கான படங்களும் உண்டு. நேற்று வரையில் நிழலும் புளியும் கொடுத்த மரத்துக்கு ஒன்றுமில்லை.

சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாலு வழிச் சாலையால் சென்னைக்குப் போகும் நேரம் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் உயிர் பிழைக்கிறது. மரம் போவதை எங்கள் காமிரா தடுக்கவும் முடியாது. இருந்தது என்று சொல்ல மட்டும் முடியும். அவ்வளவு சொல்வதற்குக்கூட ஆள் இல்லாமல் ஒன்று மறைந்து போவது நியாயமா என்பதே கேள்வி.

படம் சொன்ன சாட்சி

"இருந்தது" என்று சொல்வதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் கூட்டேரிப்பட்டிலிருந்து அதே கிழக்குச் சாலையில் புதுச்சேரி வரையில் போக வேண்டும். அங்கே கடலோரத்தில், செயின்ட் லூயி வீதியில், பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, ஊர்ப் பெயரும் தேதியும் குறித்து, ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட படங்கள். எடுத்தவர்களுக்குப் பெரிய புகழ் ஒன்றும் வரவில்லை. சிலையை நேரே நின்று, நிதானமாக, தெளிவாக எடுத்த சாதாரணப் படங்கள்.

பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த விருத்தாசலத்தில், விருத்தகிரீசுவரர் கோயில் சுவர் மாடத்தில், சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் சிலை ஒன்று இருந்தது. அது களவு போயிற்று. 2004-இல் ஆஸ்திரேலியாவில், சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் ஒரு வியாபாரியிடமிருந்து அதை விலைக்கு வாங்கியது. 1970-ஆம் வருஷத்திலேயே டில்லியில் முறைப்படி விற்பனையானது என்று அதற்குக் காகிதமும் காட்டினார்கள். காகிதம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் புதுச்சேரி ஸ்தாபனத்தின் படங்களில் ஒன்று 1974-இல் எடுத்தது. அதில் அர்த்தநாரீசுவரர் விருத்தாசலத்தில் தம்முடைய மாடத்திலேயே எழுந்தருளியிருந்தார்! 1970-இல் டில்லியில் விலைபோன சிலை 1974-இல் கோயில் சுவரில் எப்படி இருக்க முடியும்? படத்துக்கு முன்னால் காகிதம் நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை டில்லிக்குக் கொண்டுவந்து நம் பிரதமரிடம் ஒப்புவித்தார். அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரும் அதே சமயத்தில் திரும்பினார். அவருக்கும் அதே ஸ்தாபனத்தின் படம் சாட்சி சொல்லியிருந்தது.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாட்சி சொன்னது படத்தின் அழகு அல்ல. அதில் குறித்திருந்த ஊரும் வருஷமும். தேதி இல்லாத படம், பெயர் சொல்லத் தெரியாத சாட்சியைப் போன்றது. கூண்டில் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை.

கருவறையைப் படம் எடுக்க யாரும் ஆசைப்பட வேண்டாம். அது எந்நாளும் வழக்கமில்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி உத்தரவிட்டிருக்கிறது. கோயிலுக்குள் இருக்கும் மூர்த்திகளைப் பதிவு செய்வது அதற்குரிய ஸ்தாபனங்களின் பொறுப்பு. பொழுதுபோக்குக்காரர்களாகிய நமக்குக் கோயிலின் வெளியே செய்ய வேண்டிய வேலை ஏராளமாய் இருக்கிறது: திருக்குளம், தேரடி, சந்நிதித் தெரு, திண்ணை வீடு, சுமைதாங்கிக் கல், ஏரிக் கலிங்கல். மனிதர்களைப் படம் எடுப்பதானால் முதலில் கேட்டுவிடவேண்டும். வயலில் சேற்றோடு நிற்பவர் வேண்டாம் என்றால் வேண்டாந்தான்.

புதையல் வீட்டுக்குள்ளே

புளியமரத்தைப் பற்றி வகுப்பில் சொன்னோம். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மாணவி வீட்டிலிருந்து பழைய கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய சிற்றப்பாவும் சின்னம்மாவும் மாலையும் கழுத்துமாக, அலங்கரித்த காரின் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட தடித்த அடிமரம், வெள்ளைப் பட்டையில் பாதி மறைந்த நம்பர், கீழே ஒரு பலகை, பலகையின்மேல் பாய்லர். போட்டோ எடுத்தவர் அந்த மரத்தை எடுக்கவேண்டுமென்று நினைக்கவே இல்லை. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் அது தானாக வந்து நின்றுகொண்டிருக்கிறது.

அதற்குப் பெரிதாக நகல் எடுத்துக் கொண்டுபோய் மூதாட்டியிடம் கொடுத்தோம். மரத்தைப் பார்த்து மகிழ்வார் என்று எண்ணியிருந்தோம். அவர் படத்தைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாய்லரின்மேல் விரலை வைத்து, "இது அவர் வாங்கனது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு ஆல்பத்தைப் பார்த்து, முன்னால் நிற்கும் சொந்தக்காரர்களை விட்டுவிட்டு, பின்னால் தெரிவதை எழுதிக்கொண்டு வரவேண்டும். இடித்துப் புதிதாய்க் கட்டிய பள்ளிக் கட்டடம் அகப்பட்டது. தூர்ந்துபோன கிணறு அகப்பட்டது. கமலை ஏற்றத்தின் தூண் அகப்பட்டது. கூரைக் கொட்டகை போட்ட சினிமா ஒன்றும் அகப்பட்டது. பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் போய், "இது எந்த இடம்? எந்த வருஷம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பேரக்குழந்தைகள் தம்மிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வருகிறார்கள் என்பதில் அந்தப் பெரியவர்களுக்கு உண்டான உற்சாகத்தை நாங்கள் நேரிலே கண்டோம்.

நேயர்கள் வீட்டிலும் அலமாரியின் அடித்தட்டில் அப்படி ஓர் ஆல்பம் இருக்கும். அடுத்த விடுமுறை நாளில் அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மெல்லிய பென்சிலால் நாலு விஷயங்கள் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த வருஷம், எந்தத் திக்கைப் பார்த்து எடுத்தது, பின்னால் தெரிவது என்ன. மை வேண்டாம்; மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். செல்போனில் இருக்கும் படங்களுக்கு வேறு இரண்டு இடங்களில் பிரதி இருக்கட்டும். போன் தண்ணீரில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் பத்து வருஷமும் சேர்ந்து விழுகிறது. நல்லவற்றைக் காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள்.

அடுத்த தடவை திருச்சிச் சாலையில் போகும்போது கூட்டேரிப்பட்டில் இறங்குங்கள். ரயிலில் வருகிறவர்கள் மயிலம் ஸ்டேஷனில் இறங்கலாம். மயிலத்துக்குப் போங்கள், திருவக்கரைக்குப் போங்கள், செஞ்சி மலை ஏறுங்கள், மண்டகப்பட்டில் சற்று நேரம் உட்காருங்கள். எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். அதற்கு முன்பாக உங்கள் சொந்தத் தெருவின் முனையில் நின்று ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அந்தப் படத்தை யார் தேடி வருவார்கள் என்பது இன்று உங்களுக்குத் தெரியாது. தேடி வருகிறவருக்கு அது தெரியும்.